சென்றாயனுக்கென்று ஒரு கிளாஸ்

காலனி, உத்தனப்பள்ளி பக்கம்
5-9-1993

லண்டனில் இருக்கும் பேத்தி செல்லிக்கு, உன் தாத்தா கரியப்பனின் தம்பி சென்றாயன் எழுதிக்கொள்வது.

இதை நானே எழுதுகிறேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை. தை மாதம் நீ படம் எடுக்க வந்தபோது உன் வெள்ளைக்காரர் நீட்டிய தாளில் கட்டைவிரலை உருட்டினேனே, அந்த ஆள்தான். இப்போது அறிவொளி வகுப்பில் முத்துமணி என்கிற பெண் சொல்லிக்கொடுக்கிறாள். தெற்கத்திப் பெண், ஓசூரில் கம்பெனி வேலை. சாயங்காலம் பஸ் பிடித்து எங்களிடம் வந்து தொண்டை கட்டிக்கொண்டு போகிறாள்.

பஸ் பலகையை நானே படிக்கிறேன். ராயக்கோட்டை என்று எழுதிய பஸ்ஸில் ஏறிவிட்டு "இது ராயக்கோட்டை போவுமா" என்று கேட்கிறவனைப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது. போன வருஷம் கேட்டவன் நான்தான். சுவர்களையும் படிக்கிறேன். இத்தனை வருஷம் அந்தச் சுவர்கள் ஏதோ பெரிய விஷயம் பேசுகின்றன என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறேன். படித்துப் பார்த்தால் மூலத்துக்கு மருந்து.

நீ அனுப்பிய கேசட் வந்தது. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மாரியம்மன் கோயில் முன்னால் வைத்து எல்லோரும் பார்த்தோம். முதலில் நான் வந்தேன். கேழ்வரகுக் காட்டில் சட்டையில்லாமல் நிற்கிறேன். வாயைத் திறக்கவில்லை. பின்னால் ஒரு பிடில் அழுகிறது. பக்கத்து வீட்டுச் செல்வத்தின் பெண்டாட்டி, "என்னா மாமா, கோமணத்தோட லண்டனுக்குப் போயிட்டீங்க" என்றாள். காலனியே சிரித்தது. அன்று நான் டெரிலின் சட்டையும் கிரானைட் கம்பெனியில் கொடுத்த வாட்ச்மேன் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். உன் வெள்ளைக்காரர்தான் கையை ஆட்டி ஆட்டிக் கழற்ற வைத்தார். அந்தக் காடும் என்னுடையதல்ல. எனக்குக் காடு இருந்தால் நான் ஏன் கல்லுக்குக் காவல் இருக்கிறேன்?

சட்டை போகட்டும். அப்புறம் டீக்கடை வந்தது. நான் ஆணியிலிருந்து கிளாஸை எடுக்கிறேன். கடைக்கார நாராயணப்பன் எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றுகிறான். குடித்துவிட்டு, நானே கழுவி, மறுபடி ஆணியில் மாட்டுகிறேன். அப்போது உன் குரல் இங்கிலீஷில் பேசுகிறது. முத்துமணி தமிழில் சொன்னாள்: "லண்டனில் எனக்கென்று எதுவும் காத்திருப்பதில்லை. இங்கே என் சின்னத்தாத்தாவுக்கென்று ஒரு கிளாஸ் ஆணியில் காத்திருக்கிறது. சொந்த ஊர் என்பது இதுதான்." சொல்லி முடித்ததும் அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உன் சின்னப்பாட்டி கெம்பம்மா எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, படம் முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் மாதம் லண்டன் டிவியில் காட்டுவார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பேச்சு அதில் வரக்கூடாது. ஏன் என்று உனக்கே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நீ என்னதான் படித்தாய்?

சென்றாயன்
(கையெழுத்து நன்றாக இருக்கிறதா?)

லண்டன்
3-10-1993

அன்புள்ள சின்னத்தாத்தாவுக்கு,

உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது. என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது. மலேயா எஸ்டேட் பள்ளியில் ஆசிரியையாக இருந்த என் அம்மா எனக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தார். அவர் இருந்திருந்தால் உங்கள் கடிதத்தைக் காட்டி என்னைத் திட்டியிருப்பார்.

சட்டை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். இயக்குநரிடம் அன்றைக்கே சண்டை போட்டேன். இங்கே தொலைக்காட்சியில் நம்மைப் போன்றவர்கள் வெள்ளத்தில் மிதக்க வேண்டும், அல்லது தெருமுனையில் கடை வைத்துக்கொண்டு பிழையான ஆங்கிலம் பேசிச் சிரிப்புக் காட்ட வேண்டும். இதைத்தான் நான் பல்கலைக்கழகத்தில் பாடமாக நடத்துகிறேன்: இனம், ஊடகம், பிரதிநிதித்துவம். அப்படிப்பட்ட நானே உங்களைச் சட்டையில்லாமல் நிற்கவிட்டது வெட்கம். அதை எடுத்துவிட்டு, தொப்பியோடு கிரானைட் கம்பெனி வாசலில் நிற்கும் காட்சியைச் சேர்க்கிறேன்.

ஆனால் கிளாஸ் காட்சியை எடுக்கச் சொல்வது எனக்குப் புரியவில்லை. அதுதான் படத்தின் உயிர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே லண்டன் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயில் குடித்துவிட்டு நகர்ந்தால், எனக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைக்காரப் பெண்கள் அந்தக் குழாயைப் பாவாடையால் துடைத்துவிட்டுத்தான் குடிப்பார்கள். நான் கறுப்பு என்று எனக்குத் தெரிந்தது அந்தக் குழாயடியில். அதனால்தான் உங்கள் கிளாஸைப் பார்த்ததும் காமிராவை அதன் பக்கம் திருப்பச் சொன்னேன். ஒரு கடையில், அத்தனை பேர் வந்து போகிற இடத்தில், உங்களுடையதை வேறு யாரும் தொடாமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களே!

தாத்தா, வருத்தப்படாதீர்கள். நீங்கள் இப்போதுதான் எழுத்துப் படித்திருக்கிறீர்கள். படம் என்பதும் ஒரு எழுத்துதான். அதைப் படிக்கவும் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

அன்புடன்,
செல்லி
(இங்கே எல்லோருக்கும் ஷெல்லி)

காலனி
24-10-1993

செல்லிக்கு,

பிரதிநிதித்துவம் என்ற சொல்லை வாசிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. வாயில் நூல் சுற்றிக்கொண்டது போல இருந்தது. வாசித்து முடித்ததும் வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மட்டும் உனக்கு நன்றி.

படம் படிக்கப் பயிற்சி வேண்டும் என்கிறாய். சரிம்மா. ஆணி படிக்க எங்கே பயிற்சி கொடுக்கிறார்கள்? அங்கே போய்ச் சேர்.

அந்தக் கிளாஸ் எனக்காகக் காத்திருக்கவில்லை. என் வாய் பட்டது இன்னொருவர் வாயில் படக்கூடாது என்று தனியாகத் தொங்குகிறது. எனக்கு மட்டுமல்ல, காலனிக்காரர் யார் போனாலும் அதுதான். நாங்கள்தான் எடுக்க வேண்டும், நாங்கள்தான் கழுவ வேண்டும். நாராயணப்பன் உயரத்திலிருந்து ஊற்றுவது வித்தை காட்ட இல்லை. அவன் பாத்திரம் எங்கள் கிளாஸில் இடித்துவிடக் கூடாது. மற்றவர்களுக்கு ஸ்டீல் தம்ளர். நீ ஸ்டீல் தம்ளரில்தானே குடித்தாய்? உன் கையில் ஸ்டீல், என் கையில் விரிசல் விட்ட கண்ணாடி. உன் படத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது. அதற்கு மேல்தான் நீ சொந்த ஊர் என்று பேசுகிறாய்.

கறுப்பு, கறுப்பு என்று எழுதியிருக்கிறாய். உன்னோடு சத்தம் பிடிக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தாரே, டெஸ்மண்ட், அவர் என்னைவிட எவ்வளவு கறுப்பு! அவருக்கும் நாராயணப்பன் ஸ்டீல் தம்ளர்தான் கொடுத்தான், கூடவே ஒரு வர்க்கியும். இதற்கு உன் பாடத்தில் என்ன பெயர்? நான் காவல் காக்கிற கல்லும் கறுப்பு. உங்கள் நாட்டுக்குக் கல்லறை கட்டக் கப்பலில் போகிறது. எவ்வளவு கறுப்போ அவ்வளவு கிராக்கி என்று மேனேஜர் சொல்கிறார். செத்த வெள்ளைக்காரனுக்கு எங்கள் ஊர்க் கறுப்பு வேண்டியிருக்கிறது.

நாம் ஆதித்திராவிடர். ஊர்க்காரர்கள் எங்களைக் கூப்பிட வேறு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதை எழுதுவதற்காக நான் எழுத்துப் படிக்கவில்லை. உன் அப்பன் ராஜப்பன் இதை உனக்குச் சொல்லவில்லையா? உன் பாட்டி பெயர் செல்லி. அதை ஷெல்லி என்று துரைசானி பெயராக்கத் தெரிந்தவனுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லையா?

சென்றாயன்

லண்டன்
20-11-1993

சின்னத்தாத்தாவுக்கு,

அப்பாவிடம் கேட்டேன். நாங்கள் நிலபுலன் வைத்திருந்த குடும்பம், பஞ்சத்தில் நிலம் போய்விட்டது, தாத்தா மலேயாவுக்குக் கங்காணியாகத்தான் போனார் என்று, என் வாழ்நாள் முழுக்கச் சொன்ன கதையை மறுபடி சொன்னார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டார். "அந்தக் கிழவன் காசுக்கு அடிபோடுறான்" என்றார். பிறகு, "உன் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசியிருக்கு, கோலாலம்பூர்ல பெரிய சாதிக்காரங்க, வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். முதலில் சொன்னதை நான் நம்பியிருப்பேன். இரண்டாவது சொன்னதால்தான் நீங்கள் எழுதியது உண்மை என்று தெரிந்தது.

ஆக, நான் முட்டாள். புத்தகம் எழுதிய முட்டாள். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. டீக்கடையில் நாராயணப்பன் தெலுங்கில் உங்களிடம் என்னவோ கேட்டார், நீங்கள் தெலுங்கில் பதில் சொன்னீர்கள். அதை நான் குசலம் விசாரிப்பது என்று நினைத்துப் படத்தில் அப்படியே விட்டிருந்தேன். இப்போது சந்தேகம் வந்து, என்னிடம் படிக்கும் ஐதராபாத் மாணவியைக் கேட்க வைத்தேன். நாராயணப்பன் கேட்டது: "எவரு ஈ அம்மா?" யார் இந்த அம்மா. நீங்கள் சொன்னது: "நாகேமி காதய்யா." எனக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை, கம்பெனியைப் பார்க்க வந்த வெளிநாட்டு அம்மா.

நான் அவ்வளவு தூரம் கடல் தாண்டி உங்களைத் தேடி வந்தேன். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது, எனக்குப் புரியாத பாஷையில், என் முகத்துக்கு நேரே உறவில்லை என்று சொல்லிவிட்டீர்கள். என் அப்பா சொன்னது பொய் என்றால், இது என்ன?

டேப்பில் இன்னொன்றும் இருக்கிறது. டெஸ்மண்டைப் பார்த்து நீங்கள், "எப்பா, இவன்கூட நின்னா நானே செவப்புடா" என்கிறீர்கள். எல்லோரும் சிரிக்கிறீர்கள். என்னவென்றே தெரியாமல் அவரும் உங்களோடு சேர்ந்து சிரிக்கிறார். அவருக்கு நான் இன்னும் அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

செல்லி

காலனி
12-12-1993

செல்லிக்கு,

உன் கடுதாசியை வகுப்பில் சத்தமாகப் படிக்கவில்லை. வேப்பமரத்துப் பக்கம் போய்த் தனியாகப் படித்தேன். படிக்கத் தெரிந்தால் இப்படி ஒரு தொல்லை இருக்கிறது. முன்பெல்லாம் கெட்ட சேதியை இன்னொருத்தர்தான் படித்துச் சொல்ல வேண்டும், அவர் கொஞ்சம் மென்று விழுங்கிச் சொல்வார்.

டெஸ்மண்டைப் பார்த்துச் சிரித்தது வாஸ்தவம். எனக்குக் கீழே நிறுத்த ஒருத்தன் கிடைத்தானே என்று அன்றைக்கு ஒரு குஷி. அவனுக்கு ஸ்டீல் தம்ளர் வந்ததும் அந்தக் குஷி இறங்கிவிட்டது. அவரிடம் சொல். வேண்டுமானால் என்னைப் பார்த்து அவரும் சிரித்துக்கொள்ளட்டும், அர்த்தத்தோடு.

இப்போது உன் கேள்வி. நாராயணப்பன் கேட்டபோது "இவ என் அண்ணன் பேத்தி" என்று நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன் கையில் இருந்த தம்ளர் அப்படியே இருந்திருக்குமா? காமிராவெல்லாம் வைத்துக்கொண்டு, சென்ட் வாசனையோடு, வெள்ளைக்காரர் பக்கத்தில் நின்று ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாய். நான் குடித்ததில்தான் நீயும் குடி என்று உன்னிடம் நான் சொல்ல வேண்டுமா? வாயில் வரவில்லை. உனக்குத் தெலுங்கு தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன்.

உடனே உருகிவிடாதே. பாதிக் காரணம்தான் அது. மீதிப் பாதியை இத்தனை நாள் யாரிடம் சொல்லலாம் என்று தவித்துக்கொண்டிருக்கிறேன். செல்லி, அன்று எனக்கு டீ ருசியே தெரியவில்லை. உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் பேத்தி, எங்கள் ரத்தம், நாராயணப்பன் தம்ளரில் உதடு பட உறிஞ்சுகிறாள்! அவன் இடுப்பை வளைத்து, "இன்னொண்ணு போடட்டுங்களா மேடம்" என்கிறான்! நீ வைத்த தம்ளரை அவன் தன் கையால் எடுத்து, ஒரு முக்கு முக்கி, மற்ற தம்ளர்களோடு அடுக்கினான். அடுத்து வந்த ஊர்ப் பெரிய மனுஷர் அதில்தான் குடித்தாரோ, பக்கத்துத் தம்ளரில் குடித்தாரோ! காலனி வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். கெம்பம்மாவிடம் சொன்னேன். அவள் காறித் துப்பிவிட்டு, "அந்த ஊர் மொத்தமும் நம்ம எச்சியக் குடிக்குதா!" என்று கேட்டுக் கேட்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். இன்றைக்கும் அந்தத் தம்ளர் கடையில்தான் இருக்கிறது. எது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு நல்ல விஷயம் நடந்த இடத்தில் போய் நீ காத்திருக்கிற கிளாஸ் என்று பொய் சொல்லலாமா? மாற்று.

சென்றாயன்

லண்டன்
9-1-1994

அன்புள்ள சின்னத்தாத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். டெஸ்மண்டிடமும் சொல்லிவிட்டேன். டேப்பை ஒரு தடவை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். "கிழவனிடம் சொல், அந்த வர்க்கி நன்றாக இல்லை" என்றார்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். டீக்கடைக் காட்சியை முழுவதுமாக வெட்டிவிடுகிறேன். கிளாஸ் இல்லை, தம்ளர் இல்லை, என் பேச்சும் இல்லை. நீங்கள் தொப்பியோடு நிற்பதோடு படம் நகர்ந்துவிடும்.

காரணம் சொல்கிறேன். இங்கே நம்மைத் தெருவில் அடிக்கிறார்கள். வீட்டுக் கதவில் அசிங்கம் எழுதுகிறார்கள். நாங்கள் எல்லோரும் ஒன்று, கறுப்பர் என்று சொல்லிக்கொண்டுதான் எதிர்த்து நிற்கிறோம். அந்த நேரத்தில் இந்தக் கிளாஸைக் காட்டினால் வெள்ளைக்காரர்கள், "பார்த்தீர்களா, இவர்களுக்குள்ளேயே இப்படித்தான், நம்மை ஏன் குறை சொல்கிறார்கள்" என்று மடியில் கட்டிக்கொள்வார்கள். அவர்கள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. என் தங்கையின் கல்யாணமும் இருக்கிறது. உங்கள் பாதுகாப்பும் இருக்கிறது. படம் எப்படியாவது ஊருக்கு வந்து சேர்ந்தால் உங்களைச் சும்மா விடுவார்களா?

பொய்யை எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்டது அதுதானே?

அன்புடன்,
செல்லி

காலனி
30-1-1994

ஷெல்லி அம்மாவுக்கு,

கடுதாசி கிடைத்தது. கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்கிறாய். உன் அப்பன் பெண் என்பதில் சந்தேகமே இல்லை. அவன் வாயால் மறைத்தான். நீ கத்திரிக்கோலால் மறைக்கிறாய், படித்தவள் அல்லவா.

வெள்ளைக்காரன் என்ன சொல்வானோ என்று உனக்குப் பயம். அவன் இந்த நாட்டை விட்டுப் போனபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. இப்போது அதுவும் நரைத்துவிட்டது. இன்னும் அவன் என்ன நினைப்பான் என்று பார்த்துத்தான் நான் எதில் டீ குடிக்கிறேன் என்பதை வெளியில் சொல்ல வேண்டுமா? உங்கள் வீட்டுக் கதவில் அசிங்கம் எழுதுகிறவன் அயோக்கியன். அதற்காக நாராயணப்பன் யோக்கியன் ஆகிவிடுவானா? அவனை விட்டுவிட்டு இவனை மட்டும் காட்டுவேன் என்பதற்கு அவ்வளவு படிப்பு எதற்கு? என் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மாதப்பனுக்கு இன்னும் உயிரெழுத்து முடியவில்லை, அவனே இதைச் செய்வான்.

எல்லோரும் ஒன்று என்கிறாய். சரி, ஒன்றுதான். அந்த ஒன்றில் என்னை எங்கே உட்கார வைத்திருக்கிறாய்? கூட்டம் கலைந்த பிறகு வா, உன் பிரச்சினையைப் பேசலாம் என்று சொல்கிற கட்சிக்காரன் மாதிரி இருக்கிறது.

என் பாதுகாப்புக்கு என்று எழுதியிருக்கிறாய். நாராயணப்பனும் அதைத்தான் சொல்வான். "எதுக்கு சென்றாயா வம்பு, தனியா இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது" என்பான். எனக்குப் பயம் என்று நீயாக எழுதிக்கொள்ளாதே. என்னைச் சட்டையில்லாமல் நிறுத்தினாய், பொறுத்தேன். வாயில்லாமல் நிறுத்தினாய், அதையும் பொறுத்தேன். இப்போது ஆளே இல்லாமல் ஆக்கிவிட்டு, நீங்கள் கேட்டது அதுதானே என்கிறாய்.

வெட்டு, ஒட்டு, உன் இஷ்டம். எனக்கு இனி எழுதாதே. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், நீ யாருடைய பேத்தி என்று முதல் வரியில் எழுது. அது இல்லாத கடுதாசியைப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்று தபால்காரரிடம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சென்றாயன்

ஓசூர், பஸ் ஸ்டாண்ட் எதிரே உள்ள லாட்ஜ்
11-4-1994

உத்தனப்பள்ளி பக்கத்துக் காலனியிலிருந்து மலேயா போன கரியப்பனின் பேத்தி, செல்லி எழுதுவது.

சின்னத்தாத்தா, நான் ஓசூரில்தான் இருக்கிறேன். நாளைக் காலை உங்களிடம் வருகிறேன். அதற்குள் ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிவிடுவார்கள். அதனால் முந்திக்கொண்டு நானே எழுதி, வகுப்புக்கு வரும் முத்துமணியிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதும் ஒரு காரணம்.

படம் மார்ச்சில் வந்துவிட்டது. டீக்கடையை வெட்டவில்லை. உங்கள் தெலுங்கையும் எல்லோருக்கும் புரியும்படி கீழே எழுதிப் போட்டேன். என் பழைய பேச்சை அழித்துவிட்டு, டெஸ்மண்டை வைத்துப் புதிதாகப் பதிவு செய்தேன்: "என் சின்னத்தாத்தா குடிப்பது தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கான கிளாஸ். அங்கே எனக்கும் உரியது அதுதான். நான் யார் என்று அவர் சொல்லாததால் அன்று அது எனக்குக் கொடுக்கப்படவில்லை." ஒரு பத்திரிகைக்காரன் நான் பயந்தபடியே, இந்தியர்கள் முதலில் தங்களைத் திருத்திக்கொள்ளட்டும் என்று எழுதினான். எழுதட்டும். அவனுக்கு நான் தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன், உங்களிடம் கற்றுக்கொண்ட மரியாதையில். அப்பா என்னோடு பேசுவதில்லை. தங்கையின் சம்பந்தம் நின்றுவிட்டது. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், மாப்பிள்ளைக்குப் பின்னந்தலையில் வழுக்கை இருந்ததைக் கவனித்தாயா என்று போனில் கேட்டாள்.

இன்று மத்தியானம் தனியாக டீக்கடைக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"வாங்க மேடம்! மறுபடி படமா? காமிராவக் காணமே?" என்றார் நாராயணப்பன். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டீல் தம்ளரில் டீயைக் கையில் கொடுத்துவிட்டார். நான் ஒரு வாய் குடித்தேன். பிறகு சொன்னேன்: "நான் படத்துக்கு வரவில்லை. உறவுக்காரரைப் பார்க்க வந்தேன். காலனி சென்றாயன் என் சின்னத்தாத்தா."

அவர் சிரித்தார். "எதுக்கு மேடம் தமாசு."

"தமாஷ் இல்லை. அவருடைய அண்ணன் கரியப்பனின் பேத்தி நான். என் பாட்டி பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். செல்லி."

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "கரியப்பன்னா? மலேயாவுக்குப் போனானே, அவனா?" என்றார். நாராயணப்பன் என் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார். பிடுங்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தத் தம்ளர நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க மேடம். காசு வாணாம்" என்றார். அப்போதும் மேடம்தான்.

"சரி, எடுத்துக்கொள்கிறேன்," என்றேன். "போன வருஷம் தை மாதம் குடித்தேனே, அந்தத் தம்ளர் எது? அதையும் கொடுத்துவிடுங்கள்."

தாத்தா, நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். பலகையில் கவிழ்த்து அடுக்கியிருந்த தம்ளர்களை அவர் பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் தன் டீயைத் தரையில் ஊற்றினார்.

நான் வெளியே வந்து பஸ் ஏறி உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த தம்ளரைப் பையில் வைத்தேன். பள்ளிக்கூடத்துக் குழாய் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு குழாயைத்தான் துடைத்தார்கள்.

செல்லி

காலனி
19-6-1994

என் பேத்தி செல்லிக்கு, சின்னத்தாத்தா சென்றாயன் சந்தோஷமாக எழுதிக்கொள்வது.

நீ லண்டனுக்குத் திரும்பிய பிறகு நடந்ததைக் கேள். காலனிக்காரர் யாருக்கும் அந்தக் கடையில் டீ இல்லை என்றார்கள். சரி என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர்கள் குடிக்கிற இடத்துக்கு நடந்தோம். ஒரு ராத்திரி எங்கள் ஓட்டின் மேல் கல் விழுந்தது. கல்லுக்குக் காவல் இருக்கிறவன் வீட்டிலேயே கல். மாதப்பன் அதை எடுத்து வைத்திருக்கிறான், அடுத்த தடவை நீ வந்தால் படம் எடுக்கலாமாம்.

நாராயணப்பன் கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. எந்தத் தம்ளரைக் கொடுத்தாலும் வாங்குகிறவன் முகர்ந்து பார்க்கிறானாம். கடைசியில் அவன் பெண்டாட்டி சரோஜம்மாள் அத்தனை தம்ளரையும் சாக்கில் போட்டுக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு அனுப்பிவிட்டாள். பழைய பாத்திரக்காரனிடம் அதைப் பார்த்தது யார் தெரியுமா, கெம்பம்மா. அடியில் நாராயணப்பன் பெயர் வெட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து அவளே கண்டுபிடித்தாள்! முத்துமணிக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்? காலனியில் இப்போது வீட்டுக்கு வீடு நாராயணப்பன் தம்ளர். விருந்தாளி வந்தால் அதில்தான் காபி. குடித்த பிறகு கவிழ்த்துப் பெயரைப் படிக்கச் சொல்கிறோம்.

உடனே ஊர் திருந்திவிட்டது என்று பாடம் நடத்தக் கிளம்பிவிடாதே. அவன் புதுத் தம்ளர் வாங்கிவிட்டான். வியாபாரம் போகிறதே என்று போன வாரம் எங்களுக்கும் மறுபடி டீ கொடுக்கத் தொடங்கினான். எதில் என்று கேட்காதே. ஆணி அப்படியே இருக்கிறது, கிளாஸும் தொங்குகிறது.

நான் போனேன். கிளாஸை எடுத்தேன். அவன் ஊற்ற வந்தான். "டீ வாணாம்" என்றேன்.

"அப்பறம் அத எதுக்கு எடுத்த?"

"இது யாருதுப்பா?"

"உங்களுதுதான். உங்க ஆளுங்களுக்குன்னுதானே வெச்சிருக்குது."

"எங்களுதுதானே? அப்ப எடுத்துக்கிட்டுப் போறன்" என்று இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் வேறு கிளாஸ் மாட்டிவிட்டான். அதையும் கொண்டுவருகிறேன் என்று கெம்பம்மா புறப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் கிளாஸைக் கேழ்வரகு வைக்கோலில் சுற்றி, பெட்டியில் வைத்து, இதோடு அனுப்புகிறேன். மேலே இருக்கும் இங்கிலீஷ் எழுத்து முத்துமணியுடையது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் பெயர் எழுதியது நான். பிழை இருக்காது, மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். விரிசல் பழையது, தபாலில் உடைந்தது என்று நினைக்காதே.

உனக்கு அல்ல. உனக்குத்தான் ஸ்டீல் தம்ளர் கிடைத்துவிட்டதே. உன் அப்பன் ராஜப்பன் கையில் கொடு. பேசாவிட்டால் பரவாயில்லை, மேஜைமேல் வைத்துவிட்டு வா. இத்தனை வருஷமும் ஊரில் உனக்கென்று ஒரு கிளாஸ் காத்திருந்தது என்று அவனிடம் சொல்.

சின்னத்தாத்தா
சென்றாயன்